மேலே இருக்க வேண்டிய கம்பி

எஞ்சினியரிங் கல்லூரியில், சிவில் வகுப்பின் முதல் வாரத்தில் வாத்தியார், "பீம் எத்தனை வகை?" என்று பொதுவாகக் கேட்டார். அவள் முந்திக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு சார். ஹை பீம், லோ பீம்."

அப்பா சரக்கு வேன் ஓட்டுபவர். அவள் வீட்டில் பீம் என்றால் கட்டடத்தைத் தாங்கும் உத்திரமல்ல, வண்டி விளக்குதான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ஹெட்லைட்.

சிரிக்காதவள் ஒருத்திதான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்ததால் அவளுக்குக் குச்சி என்று பெயர். அப்பா, தாத்தா எல்லாரும் கட்டடம் கட்டிய குடும்பம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு ஸ்கேலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து அழுத்திக் காட்டினாள்.

"ரெண்டு பக்கமும் தாங்கினா நடுவுல தொய்யும். அடிப்பக்கம் இழுபடும். அதனால கம்பி அடியில." அதே ஸ்கேலின் ஒரு முனையை மேசையோடு அழுத்திப் பிடித்து, மறுமுனையை வெளியே நீட்டினாள். "ஒரு பக்கம் மட்டும் பிடிமானம்னா மேல்பக்கம் இழுபடும். கம்பி மேல இருக்கணும். இதுதான் கான்டிலீவர். இதுல மாத்திப் போட்டா கீழ நிக்கிறவன் காலி."

"அப்ப நானும் கான்டிலீவர்தான். எங்க வீட்டுப் பக்கம் ஒரு பிடி இருக்கு. இந்தப் பக்கம் வெறும் காத்து."

"இந்தப் பக்கம் நான் இருக்கேன்ல, எருமை."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஹெட்லைட் பட்டம் வாங்கினாள். இருவருக்கும் ஒரே அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே வந்த ஒரு கட்டடம் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். மாடியில், சுவரிலிருந்து நீண்ட மூன்று கான்டிலீவர் பீம்களின் மேல் ஒரு பால்கனி. அதற்கு நேர் கீழே பிள்ளைகள் விளையாடும் இடம். வரைபடம் ஹெட்லைட் போட்டது. வேலையை நின்று பார்த்தது குச்சி. கான்கிரீட் போட்ட அன்று ஹெட்லைட்டை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல் போன் போட்டாள்.

"கம்பி மேலதானடி இருக்கு?"

"மேலதான். யாருக்குடி பாடம் எடுக்கிற?"

காப்பகம் திறக்கச் சில நாட்களே இருந்தன. பால்கனிக்குக் கொடுத்திருந்த முட்டுகளில் பாதியை எடுத்திருந்தார்கள். ஹெட்லைட் மட்டம் பார்க்கும் லேசர் கருவியை முக்காலியில் வைத்து முடுக்கினாள். சிவப்புக் கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. சுவரோரம் பீமின் அடி கோட்டைத் தொட்டது. வெளிமுனையோ கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கிக் கிடந்தது. அவள் மாடிக்கு ஓடினாள். தரையோடு தரையாக டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வெடிப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் சுவரை ஒட்டிக் கறுப்பு நூலாக நீண்டு தெரிந்தது.

பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியிடம், மிச்ச முட்டுகளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சிமென்ட் அறையில் இருந்த குச்சியைப் பிடித்தாள்.

குச்சி மறைக்கவில்லை. "கலவை லாரி வந்து நின்னுடுச்சுடி. ஆளுங்க மிதிச்சு மிதிச்சு கம்பி கீழ போயிடுச்சு. மறுபடி தூக்கி நிறுத்துறதுக்குள்ள கலவை இறுகிடும். போடுங்கன்னுட்டேன். உள்ள போனத யாரு பார்க்கப் போறா?"

"கீழ பிள்ளைங்க விளையாடுமேடி."

"சரி, சார் வரட்டும். நானே சொல்லிடறேன்."

பெரிய எஞ்சினியர் வந்தார். கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே வெடிப்பைப் பார்த்தார். "நீதானம்மா நின்னு பார்த்த?" என்று குச்சியைக் கேட்டார்.

"ஆமா சார். கம்பி மேலதான் இருக்கு." அவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "இவ எப்பவுமே இப்படித்தான். வீட்டுல முதல் பட்டதாரி இல்லையா, எதைப் பார்த்தாலும் பயம். ராத்திரி தூக்கத்துல எழுந்து கணக்கைச் சரிபார்ப்பா."

தூக்கம் வராத கதையை ஹெட்லைட் வேறு யாரிடமும் சொன்னதில்லை. விடுதி அறையில், விளக்கை அணைத்த பிறகு, இவளிடம் மட்டும் சொன்னது.

"அப்ப கீழ போய் நில்லு," என்றாள் ஹெட்லைட். "முட்டுகள எடுக்கச் சொல்றேன்."

குச்சி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பால்கனிக்கு நேர் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஸ்திரி தயங்கித் தயங்கி, முட்டைத் தாங்கிய ஜாக்கியின் திருகைப் பிடித்தார். இரும்பு ஒரு முனகு முனகியது.

"நிறுத்துங்கண்ணே."

கத்தியது தன் குரல்தான் என்று ஹெட்லைட்டுக்குப் பிறகுதான் உறைத்தது. இவள் நிறுத்துவாள் என்று குச்சிக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றாள். பொய் சொன்னதைக்கூட ஒருவேளை செரித்திருக்கலாம். ஹெட்லைட் அவள்மேல் வைத்த பாசத்தையே முட்டாகக் கொடுத்து அந்தப் பொய்யைத் தாங்கவைத்தாளே, அதைச் செரிக்க முடியவில்லை.

பெரிய எஞ்சினியர் சிரித்தார். "கூத்து முடிஞ்சுதா? பூசி மூடிட்டு வேலையப் பாருங்க."

ஹெட்லைட் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முதல் பீமின் மேல்பக்கத்தில், வெடிப்பின் மேலேயே உளியை வைத்து அடித்தாள். ஓர் அங்குலத்தில் கம்பி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை. இரண்டு அங்குலம். ஜல்லிதான் வந்தது. உள்ளங்கை கொப்பளித்தது. அரைச் சாண் போயும் வெறும் ஜல்லி.

குச்சி மூச்சிரைக்க ஏறி வந்தாள். "விட்டுடுடி. என் பேரு கெட்டுடும்."

"சாரை வரச் சொல்லு."

சத்தம் கேட்டு அவரே வந்துகொண்டிருந்தார். திட்டத் திறந்த வாயை, குழியைப் பார்த்து மூடினார்.

"விரல விட்டுப் பாருங்க சார். கம்பி இருந்தா நானே வேலைய விட்டுப் போயிடறேன்."

அவர் குந்தி உட்கார்ந்து, மடிப்புக் கலையாத சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு விரலை விட்டார். துழாவினார். வெளியே எடுத்தபோது சாவி சுழற்றிய கை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படியோரம் போய், "மேஸ்திரி, எடுத்த முட்டு எல்லாத்தையும் திரும்பக் குடு. ஒரு ஆளும் கீழ போகக் கூடாது," என்றார். திறப்பைத் தள்ளிவைக்கச் சொல்லக் காப்பகம் நடத்தும் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே கீழே இறங்கினார்.

குச்சி சுவரோடு ஒட்டி நின்றாள். "இப்ப உனக்குச் சந்தோஷமா?"

"இல்ல," என்றாள் ஹெட்லைட். உளியை எடுத்துக்கொண்டு அடுத்த பீமுக்குப் போனாள்.