முதுகுக்குச் சொன்னது

"மதினி, அண்ணங்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"என்னத்த, தம்பி?" வெள்ளைத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் பாய்லர் இன்ஸ்பெக்டர் வாராக. அண்ணன் பட்டறைக்கு வரவேண்டாம்."

"அவுக ஆரம்பிச்ச கம்பெனிக்கு அவுகளே வரக்கூடாதாக்கும்?"

"போன தடவ 'பிரஷர் எம்புட்டு'ன்னு கேட்டாக. அண்ணன் 'சாப்பிட்டாச்சு'ன்னுட்டாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக."

"அந்த இன்ஸ்பெக்டரு மீசைக்குள்ள வாயி எங்கன இருக்குன்னு யாரு கண்டா?"

பெத்தணன் சிரிக்கவில்லை. "சொல்லிருங்க மதினி."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் சூலக்கரையில் தகரக் கொட்டகை போட்டு அண்ணனும் தம்பியும் தொடங்கிய பாய்லர் கம்பெனி. தம்பி வெளியே நின்று ரிவிட் ஆணி அடிப்பான். அண்ணன் ஒச்சப்பன் பாய்லருக்குள் குனிந்து உட்கார்ந்து, அடி விழும் ஆணிக்கு இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுப்பார். அந்தச் சத்தத்தில் பன்னிரண்டு வருடத்தில் காது போய்விட்டது. பேசுகிறவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார். மனைவியின் வாய் மட்டும்தான் அவருக்குப் புரியும் என்று தம்பி நினைத்திருந்தான்.

சாயங்காலம் ஒச்சப்பன் தொட்டியடியில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் பின்னால் நின்றாள்.

"நாளைக்குப் பட்டறைக்குப் போகவேண்டாமாம். உங்க தம்பி சொல்லச் சொன்னாரு."

அவர் திரும்பவில்லை. சொல்லியாயிற்று என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர் மதியத்துக்கு முன்பே திரும்பி வந்தார். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

"இன்ஸ்பெக்டர் என்னையக் கைகாட்டி ஏதோ கேட்டாரு. தம்பி சொல்றான், 'பழைய வேலையாளு சார். காது கேக்காது. போக்கிடமில்லாம வந்து ஒக்காந்திருப்பாரு.'"

வெள்ளைத்தாய் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"போகவேண்டாம்னு நேத்தே சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

"கால் கழுவும்போது."

"பின்னால நின்னா?"

அவள் தலையாட்டினாள்.

"அவந்தான் எனக்குக் கேக்காதுன்னு பேசுனான்னா, நீயுமா?"

சோறு பாதியில் நின்றது.

அடுத்த நாள் காலையில் பெத்தணன் வாசலில் வந்து நின்றான். "பாய்லர் பாஸாயிருச்சு மதினி. அண்ணன வரச்சொல்லுங்க. நேத்து ஏன் சொல்லாமக் கெளம்புனாருன்னு தெரியல."

"உங்க வாயிலருந்து வந்ததப் பாத்துத்தான் கெளம்புனாரு" என்றாள். அவன் புரியாமல் நின்றான்.

உள்ளே போய் ஒச்சப்பன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "தம்பி வந்துருக்காரு. நான் செஞ்சதும் தப்புத்தான்."

அவர் அவள் உதடுகளைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.