விருந்தாளியின் நெற்றி

கண் முகாமுக்கு வருகிறவர்களை நோயாளி என்று சொல்லக் கூடாது, விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். அறக்கட்டளையைத் தொடங்கிய துறவி மகராஜ் சொல்லிவிட்டுப் போனது அது. அதனால் வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் குங்குமம் இட்டு, அதன்மேல் நாலு அரிசி ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். குஜராத்தில் திராங்கத்ரா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமில் ஆறு வருடமாக அது கேத்கியின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'பென்', அதாவது அக்கா.

கூடவே ஒரு விதியும் உண்டு. கண்ணில் சொட்டு மருந்து விட்டபிறகு யாருடைய நெற்றியையும் தொடக் கூடாது. புதிதாக வரும் தொண்டர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளும் கேத்கிதான்.

அன்று காலை ஜீவுமா எப்படியோ குங்குமம் வாங்காமல் உள்ளே போய்விட்டாள். கறுப்பு முக்காடு, முழங்கைவரை வெள்ளை வளையல், ஆடு மேய்க்கிறவள். இடக்கண் எப்போதோ போயிற்று. மிச்சமிருந்த வலக்கண்ணில் புரை. அதற்குச் சொட்டு மருந்து விட்டு வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

அறங்காவலர் வ்ரஜ்லால் புகைப்படக்காரரோடு அந்தப் பக்கம் வந்தார்.

"கேத்கிபென், இந்தம்மாவுக்கு மட்டும் பொட்டு இல்லையே. வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம். ஆண்டு மலர்ல போடணும்."

மருந்து விட்டாயிற்று என்று கேத்கிக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் புதுப் புடவை, கையில் குங்குமத் தட்டு, எதிரே கேமரா. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை நெற்றியில் வைத்தாள். பொடி உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தது. ஜீவுமா கண்ணைக் கசக்கினாள்.

அரைமணி கழித்து டாக்டர் அஞ்சாரியா விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணு கோவைப்பழமா இருக்கு. உள்ள கிருமி இருந்தா இருக்கிற பார்வையும் போயிடும். இன்னிக்குக் கத்தி வைக்க மாட்டேன். எட்டு மாசம் கழிச்சு, மழைக்கப்புறம் அடுத்த முகாமுக்கு வாம்மா."

"எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஜனங்க கேக்காது டாக்டர்," என்றார் வ்ரஜ்லால். "அழுக்குக் கையால தேச்சிருக்கும்."

கேத்கி சிவந்த கட்டைவிரலைப் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆமா சாமி, நான்தான் தேச்சேன்," என்றாள் ஜீவுமா. "எட்டு மாசம் ஆட்டை நான் மேய்க்க முடியாது. அதுங்கதான் என்னை மேய்க்கணும்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

சுவரைத் தடவிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போனவளின் பின்னால் கேத்கி ரொட்லா என்கிற கம்பு ரொட்டியும் மோரும் எடுத்துப் போனாள்.

"பொட்டு வச்சது நான்னு தெரியும்ல? ஏன் சொல்லல?"

ஜீவுமா ரொட்லாவைப் பிய்த்தாள். "அடுத்த முகாமுக்குப் பேர் எழுதுறது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன கேக்குற."

வந்தவள் விருந்தாளி என்று கேத்கி ஆறு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள். விருந்தாளியோ தன் பெயர் விட்டுப்போய்விடுமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

திரும்பி நடந்தாள். டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வ்ரஜ்லாலும் தொண்டர்களும் சுற்றி நின்றார்கள்.

"டாக்டர், அந்தம்மா மேல தப்பில்ல. மருந்து விட்டதுக்கப்புறம் நான் குங்குமம் வச்சேன். படத்துக்காக."

"நான் அங்கேயே இருந்தேனே, பொடி ஒண்ணும்..." என்று இழுத்த வ்ரஜ்லால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் கோப்பையை வைத்தார். "வெறும் பொடியா? இதை அப்பவே சொல்றதுக்கென்ன? கிருமின்னு நெனச்சு அந்தக் கண்ணைக் கழுவாம வெளிய அனுப்பிட்டேனே. கூட்டிட்டு வாங்க. கழுவி மருந்து தரேன், ஒரு நாளைக்கு நாலு தடவை விடணும். நாலு நாள்ல சிவப்பு போயிட்டா ராஜ்கோட் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வாங்க, நானே ஆபரேஷன் பண்றேன்."

கேத்கி வேப்பமரத்தடிக்குப் போய் ஜீவுமாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள்.

கண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டதும் ஜீவுமா கைகூப்பினாள். கேத்கி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"மருந்து விட நாலு நாளும் நானே வரேன். ஆட்டையும் பாத்துக்கறேன்."

"நீயா?" ஜீவுமா முதல்முறையாகச் சிரித்தாள். "அங்க படம் எடுக்க ஆள் இருக்காது பென்."




"தெரியும்," என்றாள் கேத்கி, தலை நிமிராமல்.