மாடிக்குக் குடிவந்த சிலந்தி

செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டிருக்கிற அருணாதேவிக்கு ஒரு கெட்ட பழக்கம். வெள்ளிக்கிழமை விடிஞ்சும் விடியாமலும் ஒட்டடைக் குச்சியோடு மாடிக் கதவைத் தட்டிவிடுவாள். குடியிருக்கிறவன் தூங்கினால் என்ன, குளித்தால் என்ன, சீலிங் சுத்தமாக இருக்கணும். ஆள் மாற்றி ஆள் காலி பண்ணிப் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று அவளுக்கு மட்டும் புரியவே இல்லை.

இப்போது இருக்கிற விமல்ராஜ் தங்கமான பையன். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, காலையில் தூக்கம். இவனையாவது விட்டுவிடக் கூடாது என்று அவள் தவியாய்த் தவித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் கதவைப் பாதி திறந்து, "அக்கா, மூலையில சிலந்தி குடும்பமா இருக்குதுங்க. அம்மா, குஞ்சு எல்லாம். கலைச்சா என் மனசு தாங்காது. ஒட்டடையே அடிக்காதீங்க" என்றான்.

எட்டிப் பார்த்தாள். நூல் நூலாய்க் காலை வைத்துக்கொண்டு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது, சுற்றிலும் பொடிப்பொடியாகக் குஞ்சுகள். வேறு ஊராக இருந்தால் பையனுக்குக் கிறுக்கு என்றிருப்பாள். இது திருவண்ணாமலை ஆச்சே. கிழிந்த வேட்டியோடு போகிறவனையும் சித்தராக இருக்குமோ என்று திரும்பிப் பார்க்கிற ஊர். போதாததற்குச் சிவனுக்கே பந்தல் போட்ட ஜீவன் சிலந்தி. கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து அவன் சென்னைக்குப் போனான். ஒழுகுகிற குழாயைப் பார்க்க மாடி ஏறியவளின் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷம், சிலந்திக் குடும்பம் மொத்தமும் ஒட்டடைக் குச்சியில் சுருண்டுகொண்டது.

"போச்சு, பையன் காலி பண்ணிடுவான்" என்று புலம்பினாள். புருஷன் குமரேசன், "சிலந்திக்கா பஞ்சம்? வேலியில பாரு" என்றான். வேலியில் இருந்தது மஞ்சள் பட்டை போட்ட தோட்டத்துச் சிலந்தி, காலோடு சேர்த்தால் உள்ளங்கை அகலம். டப்பாவில் பிடித்து வந்து மாடி ஜன்னலில் விட்டார்கள். மறுநாள் அது ஜன்னல் முழுக்க வலை கட்டி, நடுவில் பெருக்கல் குறி போல வெள்ளையாகப் பின்னி, அதன் மேல் காலை விரித்து ராணியம்மாவாட்டம் உட்கார்ந்திருந்தது. பழசைவிட இது ஜாஸ்தி அழகு என்று அருணாதேவிக்கு மனசு நிறைந்துபோனது.

விமல்ராஜ் வந்தான், கதவைத் திறந்தான். அடுத்த நொடி ஒரு செருப்பை மேலேயே விட்டுவிட்டுப் படி தாவிக் கீழே வந்து நின்றான்.

"எனக்குச் சிலந்தின்னா உயிரே போயிடும்க்கா. என்னா அது?"

"அப்போ குடும்பம், குஞ்சுன்னது?"

"நீங்க விடியக்காலையில கதவைத் தட்டாம இருக்கத்தான். அந்தச் சின்னது மூலையை விட்டு நகரலை. உங்களைவிட அது எவ்வளவோ தேவலைன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்."

அருணாதேவிக்கு முகம் சுண்டிப்போனது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேங்க. எத்தனையோ தடவை. நீங்க சீலிங்கையே பார்த்துட்டு இருந்தீங்க."

குமரேசன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான். அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, இவன் போய்விடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

"இனிமே நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன் தம்பி. காலி மட்டும் பண்ணிடாதீங்க."

விமல்ராஜ் மாடியைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல அதைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்றான். "அப்புறம் நான் இருக்கேன்."