செக்கிங் ஒச்சம்மாளின் மகள்

சித்ராதேவியின் முதல் மேடை, நல்லூர் லைன் வீட்டில் விரித்திருந்த பாய். ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நினைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதில் உருண்டாள். அம்மா ஒச்சம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். வலிக்கிற பிள்ளை ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்க்காது என்று சொல்லி, பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

ஒச்சம்மாளிடம் தப்புவது லேசுப்பட்ட காரியமா? உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங். ஒரு தையல் விட்டிருந்தால்கூடச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவாள். டெய்லர்கள் அவளைக் கண்டாலே பேச்சை நிறுத்துவார்கள். மகள் சொன்ன பொய்யும் ஒன்றுகூட அந்தக் கண்ணைத் தாண்டியதில்லை.

அப்படியிருந்தும் பெண்ணுக்கு நடிப்புப் பைத்தியம் விட்டபாடில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஆரம்பித்து, அதே கம்பெனியில் பேக்கிங்குக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தெரு நாடகம், விழிப்புணர்வு நாடகம் என்று அலைந்தாள். ஒச்சம்மாள் எந்த நாடகத்துக்கும் போனதில்லை. கேட்டால் ஷிப்ட் என்பாள். உண்மையில் பயம், நாலு பேர் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அவளால் தாங்க முடியாது.

2008இல் மடத்துக்குளத்தில் ஒரு டிவி சீரியல் எடுத்தார்கள். நாடகக் குழு மூலமாகச் சித்ராதேவிக்கு ஒரே ஒரு காட்சி கிடைத்தது. எடுத்து முடித்ததும், சென்னைக்கு வந்தால் அடுத்த சீரியலில் பெரிய வேஷம், அந்தக் காட்சி ஒளிபரப்பாகும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார்கள். வீட்டில் கேட்டாள்.

“டிவில வரட்டும். பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் ஒச்சம்மாள்.

வெள்ளி மதியம் ஒன்றரைக்குச் சீரியல். தினமும் மின்வெட்டு இருந்த காலம், பன்னிரண்டுக்குப் போகும் கரண்டு இரண்டுக்குத்தான் திரும்பும். கம்பெனி ஜெனரேட்டரையும் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் அதை ஓடவிடச் சொல்லி முதலாளி குமாரவேல் முன்னால் போய் நின்றது யார் என்கிறீர்கள்? ஒச்சம்மாளேதான். இருபது வருடத்தில் அவரிடம் ஒரு நாள் லீவுகூட வாய் திறந்து கேட்டிராதவள்.

“அதுக்கென்னங்க, ஓடட்டுமுங்க” என்றார் அவர்.

ஆபீஸ் டிவி முன்னால் டிபன் பாக்ஸோடு கூட்டம் கூடிவிட்டது. திரையில், பானையில் இருந்த கடைசிச் சோற்றைத் தாய்க்குப் போட்டுவிட்டு, “நான் அப்பவே சாப்டேம்மா” என்று சிரித்தாள் சித்ராதேவி. அவ்வளவுதான், காட்சி முடிந்தது. பெண்கள் கை தட்டினார்கள். கூட்டத்தில் நின்ற சித்ராதேவி வேறு யாரையும் பார்க்கவில்லை, அம்மாவை மட்டும் பார்த்தாள்.

ஒச்சம்மாள் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே மகளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அன்னைக்கு அவிங்க உனக்குச் சோறு போடலையாடி?”

“போட்டாங்கம்மா. நாலு இட்லி தின்னுட்டுத்தான் நடிச்சேன்.”

ஒச்சம்மாள் அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள், பீஸைத் திருப்பிப் பார்ப்பது போலவே.

“எனக்குத் தெரியலையேடி” என்றாள். “பசியோட நிக்கிறியேன்னுல்ல பெத்த வயிறு பதறிப்போச்சு.”

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தச் சென்னைக்காரர்களுக்குப் போன் போடச் சொன்னாள்.