எட்டு ஜிபியில் அடங்காத லிஃப்ட்

திரையில் நூலகத்தின் முதல் படி தெரிந்தது. அக்கா மவுஸை முன்னால் தள்ளினாள். படம் உறைந்து நின்றது. ஒரு கொட்டாவி விடும் நேரம் கழித்து இரண்டாவது படி வந்தது. மறுபடி உறைந்தது.

"என்னடா இது?"

தம்பி கேபிளை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். முந்தின நாள்தான் பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தான். பழையதில் இதே நூலகம் திக்கித் திக்கியாவது நடந்தது. புதியதில் தவழக்கூட இல்லை.

"கம்ப்யூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றாள்.

பண்ணினான். படி வந்தது, உறைந்தது.

அன்று பிற்பகல் நூலகக் குழு பார்க்கப்போகிறது. பெரிய கட்டட நிறுவனத்தை விட்டு வெளியே வந்த பிறகு அக்கா தன் பெயரில் வரைந்த முதல் கட்டடம் இது; அதைத் திரையில் எழுப்பியவன் தம்பி. போட்டியில் கடைசிவரை நின்றது இரண்டே வடிவமைப்புகள். குழு கேட்டது ஒன்றுதான்: திரையில் நாங்கள் நினைத்த பக்கம் திரும்பி, நினைத்த இடத்தில் நுழைந்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோ உதவாது. பார்ப்பவர் தலை திருப்பும் கணத்திலேயே கார்டு புதுப் படத்தை வரைந்து கொடுத்தாக வேண்டும். இன்று அது நடக்காவிட்டால் கட்டடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"முப்பது டெராஃப்ளாப்புன்னு சொன்னியே, அதுல ஒண்ணையாவது கண்ணுல காட்டு, பாப்போம்."

"கணக்குல தப்பே இல்லக்கா" என்றான் தம்பி. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

உண்மையில் கணக்கில் தப்பில்லை. கார்டுக்குள் கோர் என்று சொல்லப்படும் குட்டிக் கணக்குப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எத்தனை பேர், ஒவ்வொருவரும் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்க வேண்டும். ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்தே நடப்பதால் வந்த விடையை இரட்டிக்க வேண்டும். பழைய கார்டில் மூவாயிரம் கோர், வினாடிக்கு இருநூறு கோடித் துடிப்பு: பன்னிரண்டு டெராஃப்ளாப். புதியதில் ஆறாயிரம் கோர், இருநூற்றைம்பது கோடித் துடிப்பு: முப்பது. அதாவது வினாடிக்கு முப்பது லட்சம் கோடிக் கணக்கு. இரண்டரை மடங்கு! தம்பி இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியே வைத்திருந்தான்.

"பழசையே மாட்டுடா. திக்கினாலும் பரவால்ல."

கடைக்காரருக்குப் போன் போட்டான். பழையதை அவர்தான் எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அதா? நேத்தே போயிடுச்சு தம்பி. நீங்க படி இறங்குறதுக்குள்ள ஒருத்தர் கொத்திக்கிட்டுப் போயிட்டாரு."

"பழைய கார்டையா?"

"பன்னெண்டு ஜிபி மெமரி ஆச்சே, விடுவாங்களா? இப்ப நீங்க எடுத்துட்டுப் போனது எட்டுதான். நீங்கதான் மெமரியெல்லாம் பாக்க வேணாம், ஃப்ளாப்பைப் பாருங்கன்னு எனக்கே பாடம் எடுத்தீங்க."

தம்பி போனை வைத்தான். சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். மெமரி என்ற வரி அதில் இருந்தது, கடைசியில், பொடி எழுத்தில்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, ஒரு பெரிய சமையல்கூடம்னு வெச்சுக்கோ. ஆறாயிரம் பேர் கத்தியோட தயாரா நிக்கிறாங்க. ஆனா மேசை சின்னது. பாதிக் காய் மேசையில, மீதி தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிடங்குல. ஒவ்வொரு காய்க்கும் ஒருத்தர் தெருவைத் தாண்டி ஓடிட்டு வரணும். அதுவரைக்கும் ஆறாயிரம் பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க."

"மேசைதான் மெமரியா?"

"ஆமா. கார்டோட மெமரி. அது நிறைஞ்சா மிச்சம் கம்ப்யூட்டரோட மெமரிக்குப் போயிடும். அங்கேருந்து வர்ற வழி ரொம்பக் குறுகல்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, மேசையில எது இவ்ளோ இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கு? அதைக் காட்டு முதல்ல."

தம்பி பட்டியலைத் திறந்தான். வாசல், படிப்பறைகள், அலமாரிகள், மரங்கள், ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து ஏழு ஜிபி. அதற்கும் கீழே ஒரே ஒரு வரி: லிஃப்ட் மெஷின் அறை, நாலு ஜிபி.

இருவரும் சேர்ந்தாற்போல் மூச்சை இழுத்தார்கள்.

"நாலா? அந்த அறைக் கதவையே நான் பூட்டித்தானே வரைஞ்சிருக்கேன்?"

"பூட்டியிருந்தாலும் உள்ள மெஷின் இருக்கணும்ல?"

"என்னடா வெச்சிருக்க உள்ள?"

மோட்டார், கப்பி, கம்பிவடம், பிரேக், அதன் சுருள்வில், ஒவ்வொரு போல்ட். எல்லாவற்றையும் தம்பி ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட் அறைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஒட்டியிருந்தான். ஒவ்வொரு படமும் எட்டாயிரம் புள்ளி நீளம், எட்டாயிரம் புள்ளி அகலம். புள்ளிக்கு நாலு பைட். பெருக்கிப் பார்த்தால், சுருக்காமல் வைத்த ஒரு படத்துக்குக் கால் ஜிபி. பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் பூட்டிய அறையானாலும் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துவிடுகிறது.

"ஒரு போல்ட்டுக்குக் கால் ஜிபியா? படுபாவி! நூலகத்துக்கு வர்றவங்க புக்கு படிக்க வர்றாங்களா, போல்ட்டு எண்ண வர்றாங்களா?"

"துரு கூட தத்ரூபமா இருக்கும்க்கா..."

"அழிடா அதை."

"அழிக்க மாட்டேன். தனி ஃபைலா எடுத்து வெச்சுக்கறேன்."

"எங்கேயோ வெச்சுத் தொலை. குழு முன்னால என் கண்ணுல படக்கூடாது."

அறையை வெட்டி எடுத்தான். அக்கா பழக்கதோஷத்தில் மவுஸை அழுத்தித் தள்ளினாள். நூலகம் பாய்ந்தது. படி, வாசல், கூடம் எல்லாம் வழுக்கிக்கொண்டு வர, எதிர்ச் சுவரில் முட்டிக்கொள்வது போல அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ!"

"முப்பது டெராஃப்ளாப்" என்றான் தம்பி, மெல்ல.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு குழுவின் கூட்ட அறைக்குப் போனார்கள். தலைவர், இன்னும் மூன்று பேர், சக்கர நாற்காலியில் ஓர் ஆசிரியை. திரையில் எல்லாரும் வரிசையாக நடந்து பார்த்தார்கள். படிப்பறையில் வெயில் விழும் கோணத்தைக்கூட ஒருவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். எதுவும் திக்கவில்லை. கடைசியில் ஆசிரியை மவுஸை வாங்கி, நேராக மேல்தளத்துக்குப் போய், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பூட்டிய கதவின் முன் நின்றார்.

"இதைத் திறங்கம்மா."

அக்கா மவுஸை வாங்கினாள். திறந்தாள். உள்ளே தரையில்லை, சுவரில்லை. வெறும் நீல வானம்.

தலைவர் முன்னால் குனிந்து பார்த்தார்.

"மெஷின் எங்கே?" என்றார் ஆசிரியை. "பழைய நூலகத்துல லிஃப்ட் பாதியில நின்னு, ஒரு மத்தியானம் பூரா உள்ளேயே கிடந்தேன். விழுந்துடுமோ விழுந்துடுமோன்னு. அதுக்கப்புறம் உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நான் லிஃப்டுல ஏறுறதில்ல. நான் ஏறாத நூலகத்துக்கு நான் ஏன் கை தூக்கணும்?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அதற்குள் தனி ஃபைலைத் திறந்துகொண்டிருந்தான். நூலகத்தை மூடிவிட்டதால் மேசை காலி. நாலு ஜிபியும் தாராளமாக அடங்கியது. மோட்டார் சுழன்றது, கம்பிவடம் ஓடியது, துருகூடத் தெரிந்தது.

"டீச்சர், இந்த ரெண்டு கையைப் பாருங்க. இதுதான் பிரேக். எப்பவும் இறுக்கிக்கிட்டே இருக்கிறது இந்தச் சுருள்வில். கரண்ட் வந்தாத்தான் கை விலகும், லிஃப்ட் நகரும்."

"அப்ப கரண்ட் போயிட்டா?"

மோட்டாரை நிறுத்திக் காட்டினான். இரண்டு கைகளும் சட்டென்று கவ்வின.

ஆசிரியையின் கை வாய்க்குப் போனது. "கரண்ட் போனா விழும்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்! போனாத்தான் பிடிச்சுக்குமா? அன்னைக்கு அவ்ளோ நேரமும் இது என்னைப் பிடிச்சுக்கிட்டா இருந்துச்சு?"

"ஆமா டீச்சர்."

"இன்னொரு தடவை காட்டுப்பா."

திரும்பத் திரும்பக் காட்டினான். மற்றவர்களும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். தலைவர் ஆசிரியையைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தார். மற்ற கைகளும் எழுந்தன.

"வரைபடத்தையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போங்கம்மா" என்றார் தலைவர். "அஸ்திவாரம் எப்பப் போடலாம்னு பேசுவோம்."

தெருவுக்கு வந்து கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா திடீரென்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் போல்ட்டு எவ்வளவுடா சொன்ன?"

"கால் ஜிபி."

"கொஞ்சம் சுருக்கி, அந்த அறைக்குள்ளயே திருப்பி வெச்சுடு."