ஜூலிங்க

என் வீட்டுக்காரர் முகமது ரியாஸ் ரொம்ப மரியாதைக்காரர். கோயமுத்தூரில் கணபதி பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வாசலில் படுக்கிற தெருநாயைக்கூட "எந்திரிங்க, அந்தப் பக்கம் போங்க" என்றுதான் துரத்துவார். கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் நாக்கில் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும்தான். இவருக்கு அது கூடுதல். இந்த உலகத்தில் அந்த 'ங்க' கிடைக்காத ஒரே ஆள் நான். எனக்கு வா, போ, சோறு போடு.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் போனில் பேசியதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பிதுரை, ஜூலிங்க சாப்பிட்டாங்களா? சரி, லைட்டை அணைச்சுப்போடுங்க. அவங்களுக்குக் கூச்சம்."

யார் அந்த ஜூலி? அவளுக்கென்ன கூச்சம்? நான் சாப்பிட்டேனா என்று இந்த மனிதர் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தம்பிதுரை அங்கே வேலை பார்க்கிறவர். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அந்த ஜூலி?" என்றேன்.

"உள்ள இருக்காங்க அக்கா. ரெண்டு பேரு."

"ரெண்டு பேரா!"

பீரோவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கல் குவியல். கல்லிடுக்கில் விரல் நீளத்துக்கு ஒல்லியாக இரண்டு மீன்கள், லுங்கி போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டுக்கொண்டு நின்றன.

"ஜூலின்னா இந்த மீனுதானுங்க அக்கா. ஆப்பிரிக்காவுல ஏதோ ஒரு ஏரி மீனாமா. துடியலூர்ல சண்முகப்ரியாங்கன்னு ஒருத்தர் மீன் கடை வெச்சிருக்காங்க, அங்க வாங்குனது."

வேறொருத்தியாக இருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. மீனுக்கு 'ங்க'வா? நான் அதைவிடக் கேவலமா? போதாததற்கு நடுவில் ஒரு சண்முகப்ரியாவும் முளைத்திருக்கிறாள். இனி எல்லாம் என் கண் முன்னால் நடக்கட்டும் என்று, "தொட்டியை வீட்டுக்குக் கொண்டாங்க" என்று வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மனிதர் என் மேல் பாசம் பொங்கிப்போய் அன்றைக்கே தூக்கி வந்து ஹாலில் வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்றிலிருந்து பட்டறை விட்டு வந்தால் தொட்டிதான். கையில் டார்ச், காதில் போன், போனில் சண்முகப்ரியா. பேச்சு முழுக்க ஒரே விஷயம். ஜூலியில் பல இனம் உண்டாம். இவை மார்லியரி இனமா, டிரான்ஸ்கிரிப்டஸ் இனமா என்று யாருக்கும் தெரியவில்லை. மொத்த வியாபாரி பெயர் சொல்லாமல் அனுப்பிவிட்டான். இரண்டும் ஒரே கட்டம், ஒரே சாயல். உடம்பில் இரண்டு கோட்டுக்குக் கீழே, தாடையை ஒட்டி மூன்றாவதாக ஒரு கோடு இருந்தால் மார்லியரி. இந்தக் கழுதைகளோ தாடையைக் காட்டாமல் கல்லுக்குள்ளேயே கிடந்தன.

"பேரு தெரியாம குஞ்சை வெளிய கொடுத்தா இனம் கலந்து போயிருமுங்க" என்று போனில் கவலைப்படுவார். நான் மூக்குத்தியை மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. சிவப்புக் கல். அவர் கண்ணில் படவே இல்லை. மீனுக்குத் தாடையில் கோடு இருக்கிறதா என்று தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

பகலில் அவர் போன பிறகு நான் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வேன். அப்படி என்னதான் இருக்கிறது இதுகளிடம் என்று பார்க்கத்தான். பிரியம் ஒன்றும் கிடையாது. சக்களத்தியைப் பார்க்கிற பார்வைதான். அந்தப் பார்வைக்கு எதுவும் தப்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகப்ரியாவே வந்துவிட்டாள், நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று. அழகாக இருந்தாள். அதை ஏன் மறைக்க வேண்டும்? டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"டார்ச் பிடிக்கட்டுங்களா?"

"பிடிங்கண்ணா. கொஞ்சம் கீழ காட்டுங்க."

"இப்பத் தெரியுதுங்களா?"

"இல்லீங்கண்ணா."

இப்படியே போயிற்று. இவர் நாலு 'ங்க' போட்டால் அவள் அஞ்சு போட்டாள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. பேங்க் மேனேஜரிடமும் இப்படித்தான் பேசுவார், கரண்ட் பில் வசூலிப்பவரிடமும் இப்படித்தான். 'ங்க' என்பது வெளியாளுக்குப் போடுகிற நாற்காலி. வீட்டுக்காரிக்கு எதற்கு நாற்காலி! இவ்வளவு நாளும் இது புரியாமல் குமைந்திருக்கிறேனே, நான் ஒரு மடச்சி. கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டு டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சந்தோஷத்தில் வாயும் அவிழ்ந்துவிட்டது. "தாடைக்குக் கீழ கோடு இருக்குதுங்க. பெரிசு மத்தியானத்துல கல்லுக்கடியில தலைகீழா நீந்தும். அப்பப் பார்த்தேன்" என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சண்முகப்ரியா பழுப்புக் கல்லை மெதுவாக நகர்த்தினாள். பெரிய மீன் சரிந்து, வயிற்றைக் காட்டி ஒரு சுற்றுச் சுற்றியது. கோடு தெளிவாக இருந்தது.

"மார்லியரியேதானுங்க அக்கா! அப்ப இன்னொண்ணு சொல்லட்டுங்களா? மார்லியரியில பெரிசுதான் பொம்பள. சின்னது ஆம்பள. இவங்க சொன்னபடிதான் அவரு கேக்கோணும்."

"நான் பெரிசை ஆம்பளைன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!" என்று அவர் வாயைப் பிளந்தார். சண்முகப்ரியா சிரித்தாள், நானும் சிரித்தேன். வாசல் வரை போய் வழியனுப்பி, கறிவேப்பிலையும் ஒரு கட்டுக் கொடுத்தேன். இனி யார் யாருக்கு எத்தனை 'ங்க' போட்டாலும் எனக்கென்ன!

சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஹாலிலிருந்து அவர் குரல் வந்தது. அவ்வளவு மெல்லிசாக அவர் என்னைக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

"கண்ணு, இங்க வா. வா, சாப்பிடலாம்."

மூக்குத்தியைப் பார்த்திருப்பாரோ? "வாரேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் தொட்டி முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியை ஒட்டி அந்தப் பெரிசு வந்து நின்றது.

"வா புள்ள. பயப்படாத. சாப்பிடு" என்றார்.

பெயர் தெரிந்துவிட்டது, பெண் என்றும் தெரிந்துவிட்டது. அந்த 'ங்க' நாற்காலியை எடுத்துவிட்டார். கோட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளே நான்தான்.

விரலிடுக்கில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"ரியாஸ்" என்றேன். "இங்க பாரு."

மனிதர் விதிர்விதிர்த்துத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "என்னங்க?" என்றார்.