தண்ணீர் கேட்காத வண்டி

பெலிக்ஸ் மூன்றாவது சிலிண்டரைக் கழற்றிப் பழைய பனியன் துணியால் துடைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். உள்சுவரில் மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி இழுபட்டிருந்தது. அவன் தளவாய்புரத்து மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவான். நாற்பத்தைந்து வருடமாக அசையாமல் கிடந்த என் அப்பாவின் வோக்ஸ்வேகன் பீட்டிலை அவனும் என் மகள் சிவரஞ்சனியும் சேர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபேன் பெல்ட்டு அறுந்த பொறவும் ஓட்டியிருக்காகக்கா. பத்து கிலோமீட்டராவது ஓடியிருக்கும்."

சிவரஞ்சனி என் பக்கம் திரும்பினாள். "டிரைவர் தண்ணி ஊத்தாம விட்டதாலதான இஞ்சின் போச்சுன்னு சொல்வீகப்பா?"

பெலிக்ஸ் சிரித்துவிட்டான். "தண்ணியா? இதுல ஏதுக்கா ரேடியேட்டரு? பின்னால ஃபேன் சுத்தி, அந்தக் காத்துலதான் இஞ்சின் சூடே ஆறணும். இதுக்குத் தண்ணி ஊத்தணும்னா ஒங்க சாமிக்கு ஊத்துற மாதிரி தலையோட அபிசேகந்தான் பண்ணணும்."

அவள் சிரிக்கவில்லை. என் பதிலுக்காக நின்றாள்.

"எங்கப்பா சொன்னதும்மா. எனக்கு என்ன தெரியும்? யாரு ஓட்டிட்டு வந்தாகன்னே ஞாபகமில்ல" என்றேன்.

எழுபது வயதில் சொன்ன பொய். அதையும் செத்துப்போன அப்பாவின் தலையில் வைத்தேன். அப்பா பருத்திக் கமிஷன் கடை ரத்தினம். அவர் வீட்டில் ஒரு சொல் சொன்னால் அது பத்திரத்துக்குச் சமம் என்பார்கள். அந்தப் பெயருக்குப் பங்கம் வரக்கூடாது என்றுதான் பிள்ளைகளை அதட்டி வளர்த்தேன். தங்கை மகன் பரீட்சையில் தேறிவிட்டதாகப் பொய் சொன்னதற்கு ஒரு வருடம் அவனோடு பேசாமல் இருந்தவன் நான்.

ஓட்டியது நான்தான். இருபத்தைந்து வயது. நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெரு நடுவில் பின்னால் ஏதோ அடித்துக்கொண்டது. டயல் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றைக்கே டிரைவர் சோணைமுத்து சொல்லியிருந்தார்: "வேற எந்த லைட்டு எரிஞ்சாலும் வாங்க சின்ன மொதலாளி. இது எரிஞ்சா மட்டும் பெல்ட்டு போச்சுன்னு அப்படியே நின்னுருங்க." ஆனால் சந்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத காரை வைத்துக்கொண்டு, தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டு நடுத்தெருவில் நிற்பதா? வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போதே கருகல் வாடை வந்தது. வீட்டு வாசல் வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் இஞ்சின் இறுகி நின்றது.

மறுநாள் காலையில் அப்பா கேட்டபோது, "சோணை தண்ணி ஊத்தி வைக்கலப்பா" என்றேன்.

அப்பா பத்து வருடம் அந்தக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தவர். அதற்குத் தண்ணீர் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டை ஒட்டிய கடைக்கு முன்னால், மூட்டை ஏற்ற வந்த அத்தனை பேர் நடுவிலும் சோணைமுத்து கையைக் கட்டிக்கொண்டு, "இதுல தண்ணி ஊத்துற எடமே கெடையாது மொதலாளி" என்றார். எங்கே காட்டு என்றார் அப்பா. சோணைமுத்து முன்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மாற்றுச் சக்கரமும் பெட்ரோல் டாங்கியும்தான் இருந்தன.

"ஏலே, தண்ணிதான் ஊத்தலன்னு பாத்தா இஞ்சினையே வித்துப்புட்டான்டா!" என்றார் தரகர் ஒருவர். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இஞ்சின் பின்னால் இருக்கிறது என்று சொல்ல சோணைமுத்து வாயெடுத்தார். அதற்குள் அப்பா அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். சோணைமுத்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாவியை முன்மூடி மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் இதை வேடிக்கைக் கதையாகவே சொல்லிவந்திருக்கிறேன். எனக்குப் பத்து வயது மூத்தவரை, அந்தக் கதையில் 'அவன்' என்றுதான் சொல்வேன்.

இஞ்சின் ஏழு மாதத்தில் தயாரானது. சிவரஞ்சனி ஆறு வோல்ட் பேட்டரியைப் பன்னிரண்டாக மாற்றினாள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டாள். ஒவ்வொன்றுக்கும், அப்பா வைத்தபடியே இருக்கட்டும் என்று சண்டை பிடித்தேன். சிவப்பு விளக்கோடு ஒரு பஸ்ஸரை இணைத்தபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை. பெலிக்ஸ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டுச் சோதித்தான். பஸ்ஸர் வீறிட்ட வீறிடலில் நான் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டின்போது சிவரஞ்சனி சொன்னாள்: "சோணைமுத்துத் தாத்தா உசுரோட இருக்காராம்ப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பெலிக்ஸ் விசாரிச்சிட்டான். முத ஓட்டம் அவரு வீட்டுக்குத்தான். எங்க தாத்தா தெரியாம அடிச்சிட்டாருன்னு நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"நம்ம வீட்டு ஆளு போயி அங்க நிக்கிறதாட்டி?"

"அப்ப நீங்க வீட்டுல இருங்க."

அவளைத் தனியாக அனுப்பினால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில்தான் ஏறி உட்கார்ந்தேன்.

மடவார் வளாகம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. தகரம் போட்ட வீடு. சோணைமுத்து காரின் சத்தம் கேட்டே வெளியில் வந்து நின்றார். முதுகு வளைந்திருந்தது. ஊரில் ஒருவரும் வண்டி கொடுக்காததால் கடைசி வரைக்கும் பருத்தி ஜின்னிங் பேக்டரியில் மூட்டை தூக்கினாராம். சிவரஞ்சனி குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"எங்க தாத்தா தெரியாம செஞ்சிட்டாக. நீங்க மனசுல வச்சுக்கிடாதீக."

அவர் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பெரிய மொதலாளிக்கு வண்டியப் பத்தித் தெரியாதும்மா" என்றார். "அவிய மேல தப்பில்ல."

அதோடு முடிந்திருக்கும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படிக் காப்பாற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்" என்றேன் மகளிடம். "லைட்டு எரிஞ்சதப் பாத்தேன். அதுக்குத் தண்ணி கெடையாதுன்னும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

சிவரஞ்சனி திரும்பவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றாள். நான் சோணைமுத்துவிடம் கும்பிட்டேன். "அண்ணே" என்று கூப்பிட வந்தது. பாதிதான் வெளியே வந்தது.

"எனக்கு எதுக்குங்க?" என்றார் அவர். "எம் மேல தப்பு உண்டா இல்லயான்னு எனக்குத் தெரியாதா? எம் மக பொன்மணிகிட்டச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல தண்ணி ஊத்தாதவன் மகளேன்னுதான் அவளக் கூப்புட்டாக. எட்டாவதோட நின்னுட்டா. ஒரு நாளு என்கிட்டயே கேட்டா, 'அம்புட்டுப் பேரு சொல்லுதாகளே, நெசமாவே ஊத்தலியாப்பா'ன்னு. நான் எப்படி வெளங்க வைக்க?"

"அவ எங்க?" என்றேன்.

"பேண்டேஜ் துணி நெய்யுற தறிக்குப் போயிருக்கா. ஆறு மணிக்கு வேன் வரும்."

மணி நாலரை. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். சிவரஞ்சனி காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தெருப்பிள்ளைகள் காரைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள், வெள்ளை வேட்டியோடு அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எந்த வேலைக்காரர் வரும்போதும் நான் இருக்கையை விட்டு எழுந்ததில்லை. எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை.

சந்து முனையில் வேன் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். எல்லார் தலையிலும் வெள்ளைப் பஞ்சுத் தூசி. அவர்களில் பொன்மணி யாரென்று எனக்குத் தெரியவில்லை. தூக்குவாளியோடு ஒருத்தி மட்டும் காரைப் பார்த்ததும் நடையை நிறுத்தினாள்.

நான் எழுந்து நின்றேன்.